பத்து நாள் விபாசனா முகாம்: ரத்த அழுத்தத்தோடு போய் வந்தவளின் மதிப்பீடு

பின்னலாடை ஏற்றுமதியில் வேலை பார்ப்பவர்களுக்கு மன அழுத்தம் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆர்டர் கைக்கு வரும்போதே சரக்கைக் கப்பலேற்ற வேண்டிய தேதியும் சேர்ந்தே வந்துவிடுகிறது. நூல் தாமதமாகலாம், சாயப்பட்டறையில் நிறம் மாறலாம், தையல் பிரிவில் பாதிப் பேர் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விடலாம். தேதி மட்டும் அசையாது. தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு கம்பெனியின் தலையில் விழும். பையருக்கும், அதாவது சரக்கை வாங்கும் நிறுவனத்துக்கும், தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பதில் சொல்பவர் மெர்ச்சண்டைசர். திருப்பூரில் அந்த வேலையில்தான் என் இளமை முழுவதும் போயிருக்கிறது.

நாற்பதைத் தாண்டியதும் உடம்பு கணக்குக் கேட்க ஆரம்பித்தது. நெஞ்செரிச்சல் வந்தது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேன் என்று கணவர் சொன்னார். காலையில் எழுந்தால் தாடை வலிக்கும். கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் ரத்த அழுத்தம் 150க்கு மேல் காட்டியது. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், கடைசியாகத் தியானமும் பழகச் சொன்னார். மாத்திரைக்கு வேளை உண்டு, அளவு உண்டு. தியானத்துக்கு அப்படி ஒரு சீட்டை யாரும் எழுதித் தருவதில்லை. எங்கே, யாரிடம், எவ்வளவு நேரம் என்பதை நாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் தேடிக் கண்டது எஸ்.என். கோயங்கா என்ற ஆசிரியர் கற்பித்த முறையில் நடக்கும் பத்து நாள் விபாசனா தியான முகாம். அதைப் பற்றி என் அலுவலகத்திலும் உறவிலும் ஓயாமல் கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், அழுத்தத்தால் உடம்பு கெட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

கொங்குப் பகுதியில் தியானம் புதிய சங்கதி அல்ல. நெசவுக் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி ஆழியாறில் அறிவுத் திருக்கோயிலை அமைத்தவர். இங்கே பல ஊர்களில் அவர் முறையைக் கற்பிக்கும் மனவளக்கலை மன்றம் இருக்கிறது. என் அத்தை, அதாவது மாமியார், அங்கே பழகிய காயகல்பப் பயிற்சியையும் தவத்தையும் விடாமல் செய்பவர். என்னையும் கூப்பிட்டார். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் அந்த ஒரு மணி நேரத்தில் பத்து முறை கைபேசி அதிரும் வாழ்க்கை என்னுடையது. எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தி வைக்கும் இடம் எனக்குத் தேவைப்பட்டது. அதனால்தான் விபாசனா.

முதலில் நடைமுறை. இந்த முறையில் நடக்கும் முகாம்களுக்கு உலகம் முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்ட நிலையான மையங்கள் உண்டு. சென்னை திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது அவற்றில் ஒன்று. நான் எந்த மையத்துக்குப் போனேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். கால அட்டவணை, பாடம் நடத்தும் கோயங்காவின் ஒலிப்பதிவு, விதிமுறை எல்லாம் எங்கு போனாலும் ஒன்றுதான். கட்டணம் கிடையாது. தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஒரு ரூபாய் கேட்பதில்லை. முழு முகாமை முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை வாங்குகிறார்கள், அதையும் வற்புறுத்துவதில்லை. சமைப்பவர்களும் மணி அடிப்பவர்களும் ஏற்கெனவே முகாமை முடித்துவிட்டுச் சேவைக்கு வந்தவர்கள். ஆசிரியர்களும் ஊதியம் வாங்குவதில்லை. மன அமைதியை மாதச் சந்தாவுக்கு விற்கும் செயலிகள் பெருகியிருக்கும் காலத்தில், இந்த ஒரு விஷயத்துக்காகவே இவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

பத்து நாள் என்று பெயர் இருந்தாலும் விடுப்பு பன்னிரண்டு நாளுக்கு எடுக்க வேண்டும். முகாமின் முதல் நாளுக்கு முந்தின நாள் பிற்பகலில் போய்ச் சேர்ந்து பதிவு செய்ய வேண்டும், பதினோராம் நாள் காலையில்தான் வெளியே விடுவார்கள். நடுவில் எழுந்து வருவதில்லை என்று உறுதி சொல்லித்தான் சேர்கிறோம். கைபேசி, புத்தகம், பேனா, நோட்டு எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி. போய்ச் சேர்ந்த நாள் இரவிலிருந்து பத்தாம் நாள் காலை வரை மௌனம். பேசாமல் இருந்தால் போதாது. கண்ணால் பார்த்துச் சிரிப்பது, சைகை காட்டுவது எல்லாம் கூடாது. ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கலாம், தங்குமிடத்தில் ஏதாவது குறை என்றால் சேவகர்களிடம் சொல்லலாம்.

காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். நாலரைக்கு உட்கார வேண்டும். இரவு ஒன்பதரைக்கு விளக்கை அணைக்கும் வரை கூட்டிப் பார்த்தால் பத்து மணி நேரத்துக்கும் மேல் தியானம். நடுவில் ஆறரை மணிக்குக் காலை உணவு, பதினொன்றுக்கு மதிய உணவு, மாலை ஐந்துக்குப் பழமும் பொரியும் தேநீரும். இரவு உணவு இல்லை. ஏற்கெனவே முகாம் முடித்தவர்களுக்கு மாலையில் எலுமிச்சைச் சாறு மட்டும். எளிமையான சைவச் சாப்பாடு. பொங்கல், கஞ்சி, சாதம், பருப்பு, ஒரு பொரியல், மோர். மசாலா வாசம் அதிகம் இல்லாத அந்தச் சாப்பாட்டில் என் நெஞ்செரிச்சல் முகாம் பாதியைத் தாண்டுவதற்குள் அடங்கிவிட்டது. அதில் தியானத்தின் பங்கு எவ்வளவு, ராத்திரி பத்தரை மணிக்குப் பரோட்டா சாப்பிடாததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டாவதற்கும் நல்ல பங்கு உண்டு என்றே நம்புகிறேன்.

முதல் மூன்று நாளும் ஒரே வேலைதான்: மூச்சைக் கவனிப்பது. ஆனாபானம் என்கிறார்கள். பிராணாயாமம்போல் மூச்சை இழுப்பதோ அடக்குவதோ இல்லை. மூச்சு தானாக எப்படி வந்து போகிறதோ அப்படியே மூக்கின் நுழைவாயிலில் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். மந்திரம் சொல்லக் கூடாது, எந்த உருவத்தையும் மனதில் நிறுத்தக் கூடாது. மனம் ஓடினால் ஓடியது என்று தெரிந்துகொண்டு மறுபடியும் மூச்சுக்குத் திரும்ப வேண்டும். என் மனம் ஓடிய இடமெல்லாம் அலுவலகம். அட்டைப்பெட்டியில் ஒட்ட வேண்டிய பார்கோடு ஸ்டிக்கர் வந்ததா, உள்ளே வைக்கும் ஹேங்கர் சரியான அளவா, ஆய்வுக்கு வருபவரை விமான நிலையத்தில் யார் அழைத்து வருவார்கள். பக்கத்தில் யாரிடமாவது புலம்பியிருந்தால் அந்த எண்ணங்கள் இன்னும் வளர்ந்திருக்கும். புலம்ப ஆள் இல்லாததால் அவை வந்து, சுற்றி, களைத்துப் போயின. மௌனம் எதற்காக என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

நான்காம் நாள் விபாசனா தொடங்குகிறது. உச்சந்தலையிலிருந்து பாதம் வரை உடம்பின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தை நகர்த்திக்கொண்டு போக வேண்டும். சூடு, அரிப்பு, துடிப்பு, கனம், வலி, உணர்வே இல்லாமை என்று எது தெரிந்தாலும் அதைப் பார்த்துவிட்டு நகர வேண்டும். இனிமையானது வந்தால் பிடித்துக்கொள்ளக் கூடாது, வேதனை வந்தால் தள்ளக் கூடாது. எல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது என்ற ஒரே பாடம், பாலி மொழியில் அனிச்சா. அதன் பிறகு தினமும் மூன்று முறை, ஒரு மணி நேரம் கண்ணைத் திறக்காமல், கை காலை அசைக்காமல் உட்கார முயல வேண்டும். அதிட்டானம் என்கிறார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். முழு முகாமின் சாரம் எனக்கு அதில்தான் கிடைத்தது. எனக்கு வலது முழங்காலில் பழைய வலி உண்டு. கால்மணி நேரத்தில் அங்கே ஒரு புள்ளியில் ஆரம்பிக்கும். பிறகு முழங்கால் முழுவதும் இறுகும். அரைமணி ஆகும்போது தொடை வரைக்கும் எரியும். கண்ணை மூடிக்கொண்டு அந்த எரிச்சலைக் கவனித்தபோது நான் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. முழங்கால் வலித்துக்கொண்டிருக்கும்போதே தாடையும் கெட்டியாகக் கவ்விக்கொண்டிருந்தது. தோள் இரண்டும் காதருகே ஏறியிருந்தன. வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தேன். மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிட்டிருந்தது. இவற்றில் எதையும் முழங்கால் கேட்கவில்லை. வலிக்கு எதிராக உடம்பு முழுவதையும் நானே முறுக்கி வைத்திருந்தேன். தாடையைத் தளர்த்தினேன், தோள் இறங்கியது. முழங்கால் வலி அப்படியேதான் இருந்தது. ஆனால் பாதி வேதனை போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் வலியும் ஒரே மாதிரி இல்லாமல் அலையலையாகக் கூடிக் குறைந்தது. மணி அடித்தபோது நான் அசைந்திருக்கவில்லை.

இரவில் பல்லைக் கடிப்பவள், கோபமாக ஒரு மின்னஞ்சலைப் படிக்கும்போது தோளை ஏற்றிக்கொள்பவள், தொழிற்சாலைத் தளத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பவள் எல்லாம் ஒரே ஆள்தான் என்பது அங்கே அசையாமல் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது. மருத்துவர் முன்பே விளக்கியிருந்ததும் இதைத்தான். ஆபத்து எதிரே வந்தால் உடம்பு அட்ரினலினையும் கார்டிசாலையும் சுரக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் ஒத்திப்போடப்படுகிறது. பாம்பைக் கண்டு ஓட வேண்டிய சில நிமிடங்களுக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. அதே ஏற்பாடு காலையிலிருந்து இரவு வரை, வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால் ரத்த அழுத்தம், தூக்கமின்மை, வயிற்றுக் கோளாறு, சர்க்கரை என்று ஒவ்வொன்றாக வந்து சேர்கிறது. கேட்டுத் தெரிந்துகொண்ட இந்த விஷயம் சொந்த உடம்பில் நடப்பதை நேருக்கு நேர் பார்த்தது இந்த முகாமில்தான்.

மாலை ஏழு மணிக்குக் கோயங்காவின் பதிவு செய்யப்பட்ட உரை. தமிழிலும் கேட்கலாம். அவருடைய சொந்தக் கதை என்னை மிகவும் ஈர்த்தது. 1924இல் மியான்மரின் மாண்டலேயில் பிறந்த இந்திய வணிகக் குடும்பத்தவர். இளம் வயதிலேயே பெரிய தொழிலதிபர். கடுமையான ஒற்றைத் தலைவலிக்கு மார்பின் ஊசி போட்டுக்கொள்ளும் நிலைக்குப் போனவர். பல நாடுகளின் மருத்துவர்களைப் பார்த்தும் தீராமல் 1955இல் ரங்கூனில் சயாஜி ஊ பா கின்னிடம் போனார். ஊ பா கின் துறவி அல்ல. சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர், ஒரே சமயத்தில் பல துறைகளின் பொறுப்பைச் சுமந்த அரசு அதிகாரி. தலைவலியைப் போக்கிக்கொள்ள மட்டும் வருவதாக இருந்தால் வர வேண்டாம் என்று அவர் கோயங்காவைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். மனத்தைச் சுத்தப்படுத்துவதுதான் இந்தப் பயிற்சியின் நோக்கம், நோய் குணமானால் அது கூட வரும் பலன் என்பது அவர் நிலைப்பாடு. கோயங்கா 1969இல் இந்தியாவுக்கு வந்து கற்பிக்கத் தொடங்கினார், 2013இல் மறைந்தார்.

ரத்த அழுத்தம் குறைய வேண்டும் என்று போயிருந்த எனக்கு அந்தக் கதை மிகவும் பயன்பட்டது. தினமும் உட்கார்ந்துகொண்டு ‘இன்றைக்குக் குறைந்திருக்குமா’ என்று கணக்குப் பார்ப்பதே இன்னொரு அழுத்தமாகிவிடும். பலனை அளந்துகொண்டே செய்தால் பயிற்சி நடக்காது என்பதை அந்த உரையைக் கேட்ட பிறகு ஏற்றுக்கொண்டேன்.

உரைகளில் எனக்கு ஒத்துவராத பகுதியும் உண்டு. இது எந்த மதத்தையும் சார்ந்ததில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் வருகிறார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் பேச்சின் அடித்தளம் பௌத்தம். பாலி மொழியில் நீண்ட ஓதல், முற்பிறவி, மனதில் படிந்த சங்காரங்கள், அதாவது பழைய விருப்பு வெறுப்பின் பதிவுகள், மேலெழுந்து அழிவது பற்றிய விளக்கம் எல்லாம் வருகின்றன. உடம்பில் எழும் ஒவ்வொரு வேதனையும் பழைய வினையின் வெளிப்பாடு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முழங்கால் வலிக்கு மூட்டுத் தேய்மானம் என்ற காரணமே எனக்குப் போதும். விளக்கத்தை ஏற்காமல் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன்.

தங்குமிடம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கட்டில் கடினம், வெந்நீர் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும், கொசு உண்டு. இலவசமாக நடக்கும் இடத்தில் இதையெல்லாம் குறையாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இரவு உணவு இல்லாததை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விண்ணப்பத்திலேயே நோயையும் மாத்திரையையும் மறைக்காமல் எழுதிவிட்டு, சொந்த மருத்துவரிடமும் மாத்திரை வேளையைப் பற்றிப் பேசிவிட்டே போக வேண்டும். கீழே உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி கொடுக்கிறார்கள், கேட்கத் தயங்க வேண்டாம்.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. தீவிரமான மனநோய் உள்ளவர்களை இந்த முகாமில் சேர்ப்பதில்லை. விண்ணப்பத்தில் அதற்கென்றே கேள்விகள் இருக்கின்றன. பொய் சொல்லிச் சேர்ந்துவிடலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது. பேச்சுத் துணை இல்லாமல், நாள் முழுவதும் தன்னோடு மட்டும் இருக்கும்போது சிலருக்குப் பயமும் தூக்கமின்மையும் பழைய அதிர்ச்சிகளின் நினைவும் மேலெழுகின்றன. தியானத்தால் வரும் பக்க விளைவுகளை ஆராய்ச்சியாளர்களே இப்போது தனியாகப் பதிவு செய்து வருகிறார்கள். அண்மையில் துயரமான இழப்பைச் சந்தித்தவர்கள், மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பத்து நாள் மௌனத்துக்குள் இறங்க வேண்டாம். அவர்களுக்கு வீட்டருகில், ஒரு ஆசிரியரின் துணையோடு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும் வழியே நல்லது.

அறிவியல் என்ன சொல்கிறது என்பதையும் நான் தேடிப் படித்தேன். ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் 2014இல் வந்த தொகுப்பாய்வு 47 சோதனைகளை, 3,515 பேரின் விவரங்களை, சேர்த்துப் பார்த்தது. மனக்கவனத் தியானப் பயிற்சிகளால் பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைவதற்கு நடுத்தரமான சான்று இருப்பதாக அது சொன்னது. அழுத்தம் குறைவதற்கான சான்று அதைவிடக் குறைவு. மருந்தையோ உடற்பயிற்சியையோ விடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்பதையும் அதே ஆய்வு மறைக்காமல் எழுதியிருக்கிறது. அமெரிக்க இதயக் கழகம் 2017இல் வெளியிட்ட அறிக்கையும் இதே நிதானத்தோடு பேசுகிறது: இதய நோய் வரும் வாய்ப்பைக் குறைப்பதில் தியானத்தால் நன்மை இருக்கக்கூடும், வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துச் செய்யலாம், சிகிச்சைக்கு மாற்றாக அல்ல. பதற்றக் கோளாறு உள்ள 276 பேரிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் எட்டு வாரத் தியானப் பயிற்சி, பதற்றத்துக்குத் தரப்படும் எஸ்சிடலோபிராம் மாத்திரைக்கு ஈடான பலன் தந்திருக்கிறது.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பத்து நாள் முகாமைப் பற்றியவை அல்ல. ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியும் அதைப் போன்றவையும்தான் அதிகம் ஆராயப்பட்டவை. வாரம் ஒரு வகுப்பு, தினமும் வீட்டில் பயிற்சி. உடம்பைப் பகுதி பகுதியாகக் கவனித்துக்கொண்டே போகும் பயிற்சி அதிலும் இருக்கிறது. ஆகவே பன்னிரண்டு நாள் விடுப்புக் கிடைக்காதவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள், தியானத்தின் பலன் தங்களுக்குக் கிடைக்காது என்று ஒதுங்க வேண்டாம். நாள்தோறும் கொஞ்சம் என்ற வழிக்கே மருத்துவச் சான்று கூடுதலாக இருக்கிறது.

அப்படியானால் பத்து நாள் எதற்கு? என் அனுபவத்தில் சொன்னால், தினமும் இருபது நிமிடம் உட்கார்ந்து வருடக்கணக்கில் தெரிய வேண்டியது அங்கே ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிட்டது. எந்த நேரத்தில் என் தாடை இறுகுகிறது என்று எனக்கு இப்போது தெரியும். திரும்பி வந்த பிறகு ஒரு திங்கட்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். கருநீல நிறத்தில் சாயம் ஏற்றிய துணியைப் பையர் நிராகரித்திருந்தார். அனுமதித்த மாதிரியைவிடச் சற்றுச் சிவப்படித்திருக்கிறது என்று காரணம். துணி ஏற்கெனவே வெட்டும் மேசைக்கு வந்துவிட்டது. மின்னஞ்சலின் முதல் வரியைப் படித்ததுமே மேல்பல்லும் கீழ்பல்லும் ஒட்டிக்கொண்டன, காது மடல் சூடாகியது, மூச்சு நின்றது. முன்பெல்லாம் அந்தச் சூட்டோடு சாயப்பட்டறைக்குத் தொலைபேசி போகும், அங்கிருக்கும் மேலாளர் அதே சூட்டில் பதில் சொல்வார், இருவரும் அன்றைய நாளைக் கெடுத்துக்கொள்வோம். அன்று நாற்காலியில் பின்னால் சாய்ந்து, காதில் இருக்கும் சூட்டை மட்டும் கவனித்தேன். அது ஏறி, நின்று, இறங்கியது. சில மூச்சு நேரம்தான். பிறகு துணியை, நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். பையர் சொன்னது சரிதான். வெட்டுவதை நிறுத்தச் சொன்னேன், சாயப்பட்டறைக்குப் பேசினேன். “என்ன அக்கா, இவ்வளவு பொறுமையாகச் சொல்கிறீர்கள்?” என்று அந்தத் தம்பி வியந்தார். பிரச்சினை பெரிதுதான், அந்த வாரம் முழுவதும் அதற்கே போனது. ஆனால் என் உடம்பு அந்த வாரம் முழுவதும் பற்றி எரியவில்லை.

முகாமுக்குப் பிறகு காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். சமையல், பிள்ளை, அலுவலகம் என்று மூன்றையும் பார்க்கும் பெண்ணுக்கு இது எளிதில்லை என்பதை அங்கே யாராவது கூடுதலாகப் பேசியிருக்கலாம். என்னுடைய மனக்குறை இதுதான். பத்து நாளும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் வழி காட்டுகிறார்கள், வெளியே வந்ததும் நம் பாட்டுக்கு விட்டுவிடுகிறார்கள். ஒருநாள் முகாம்களும் பழைய மாணவர்கள் கூடி உட்காரும் ஏற்பாடும் உண்டு. ஆனால் அவை பெரிய ஊர்களில்தான் அதிகம். நான் விடியற்காலையில் வீடு எழும்புவதற்கு முன் உட்கார்ந்துவிடுகிறேன். மாலைப் பொழுது வேலை விடும் நேரத்தைப் பொறுத்தது. சில நாட்கள் உட்கார்ந்ததுமே தூக்கம் வந்துவிடும். அதைப் பற்றி வருத்தப்படுவதில்லை. அத்தையும் அதே நேரத்தில் தம் அறையில் தவம் செய்வதால் வீடே ஒத்துழைக்கிறது. வீட்டில் இன்னொருவரும் உட்கார்ந்தால் பழக்கம் விடாமல் நிற்கும். இதை நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

உடம்பைப் பொறுத்தவரை: பல் கடிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது, கணவரே சாட்சி. தூக்கம் சீக்கிரம் வருகிறது. ரத்த அழுத்தம் முன்பைவிடக் கட்டுக்குள் இருக்கிறது. மாத்திரை தொடர்கிறது. அளவைக் குறைப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். என் உறவினர் ஒருவர் தியானம் ஆரம்பித்ததும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்தியவர். அவரைப் பார்த்து யாரும் அந்தக் காரியத்தைச் செய்துவிடக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். ரத்த அழுத்தம் வலியோ அறிகுறியோ காட்டாமலே ஏறும். மனம் அமைதியாக இருப்பதால் அழுத்தமும் குறைந்துவிட்டது என்று உள்ளுணர்வால் சொல்ல முடியாது, கருவியில் அளந்துதான் பார்க்க வேண்டும்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? உடம்பு ஓரளவு திடமாகவும் மனம் நிலையாகவும் இருந்து, வேலை நெருக்கடியால் தூக்கமும் செரிமானமும் கெட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். சுற்றுலா போன ஓய்வு கிடைக்கும் என்று நினைப்பவர்கள் போக வேண்டாம், கடுமையான உழைப்பு. இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் ஓடிவிடலாம் என்று பலருக்கும் தோன்றும் என்று அங்கே சொல்லப்படுவது உண்டு, எனக்கும் தோன்றியது. அந்த நேரத்தில் ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள். என்னிடம் அவர் நீண்ட அறிவுரை எதுவும் சொல்லவில்லை. இன்று மாலை வரை மட்டும் இருந்து பாருங்கள் என்றார், அது போதுமாக இருந்தது.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஷிப்மென்ட் முடிந்த கையோடு, அடுத்த சீசனுக்கான மாதிரி வேலை சூடுபிடிக்கும் முன் தேதி பாருங்கள். இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெண்களுக்கான இடம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது, காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருந்தாலும் கடைசி வாரத்தில் இடம் கிடைப்பது உண்டு. அலுவலகத்தில் பொறுப்பை ஒருவரிடம் எழுத்தில் ஒப்படைத்துவிட்டு, வீட்டில் அவசரத் தொடர்புக்கு மையத்தின் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள். தளர்வான பருத்தி உடைகள், ஒரு சால்வை, வழக்கமான மாத்திரைகள் பதினைந்து நாளுக்கு, ஒரு டார்ச் விளக்கு. கைபேசியை வாங்கி வைத்துக்கொள்ளும்போது கடைசியாக ஒருமுறை மின்னஞ்சலைத் திறந்து பார்க்கக் கை போகும். பார்க்காமல் கொடுத்துவிடுங்கள்.